வலம்புரிப் பெட்டியும் சங்குப் பெட்டியும்

திருச்செந்தூர் முதல் தூத்துக்குடி வரையுள்ள கரையில் சங்கு குளிப்பவர்களுக்குக் கிடைப்பதில் ஏறக்குறைய எல்லாமே இடம்புரிதான். வலம்புரி மிக அரிது. அரிதானாலும் அதுவும் சங்கே. சங்கும் முத்துச்சிப்பியும் மெல்லுடலிகள். கணினி நிரலில் தரவு வகைகளும் இப்படித்தான் ஒன்றின் கீழ் ஒன்றாக நிற்கின்றன. வலம்புரி சங்கின் உள்வகை என்றால், வலம்புரிப் பெட்டி சங்குப் பெட்டியின் உள்வகையா? ஆம் என்றே யாருக்கும் தோன்றும். ஆனால் பெட்டியை வாங்குபவர் என்ன செய்யப்போகிறார் என்று தெரியாமல் விடை சொல்ல முடியாது. உள்ளிருப்பதை எடுத்து எண்ணுவார், எடைபோடுவார் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். அவர் கைக்கு வருவதெல்லாம் சங்குதான். போடுவதற்குக் கேட்டால் கொடுக்கக் கூடாது. சங்குப் பெட்டிதானே என்று அவர் ஓர் இடம்புரியைப் போட்டுவிட்டால், பிறகு அதை வலம்புரி என்று நம்பி எடுப்பவர் ஏமாறுவார்.

ஜாவா மொழி இந்த இடத்தில்தான் சறுக்கியது. 1996இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே, வலம்புரி அர்ரேயை, அதாவது வலம்புரிகளை வரிசையாக வைக்கும் பெட்டியை, சங்கு அர்ரேயாகக் கொடுக்க அது இடம் தருகிறது. அதில் இடம்புரியைப் போடும் வரியை, நிரலை ஓடுமுன் சரிபார்த்து மொழிபெயர்க்கும் கம்பைலர் தடுப்பதில்லை. நிரல் ஓடும்போதுதான் பிழை தெரியும். எந்த வகைப் பொருளுக்கும் ஒரே நிரல் எழுத உதவும் ஜெனரிக்ஸ், 2004இல் ஜாவா 5உடன் வந்தபோது இதற்குத் தீர்வாக எல்லைகளும் வந்தன. ‘எக்ஸ்டெண்ட்ஸ்’ என்பது மேல் எல்லை: சங்கோ அதற்குக் கீழுள்ள வகையோ வரலாம், எடுக்கலாம், போட முடியாது. ‘சூப்பர்’ என்பது கீழ் எல்லை: சங்கோ அதற்கு மேலுள்ள வகையோ வரலாம். மெல்லுடலிப் பெட்டியிலும் சங்கைப் போடலாம் அல்லவா? எல்லை என்ற சொல் தடையை நினைவூட்டுகிறது. உண்மையில் ஒரே வகைக்கு எழுதிய நிரலைப் பல வகைகளுக்குப் பயமின்றித் திறந்துவிடுவது இந்த எல்லைதான்.

இதெல்லாம் இல்லாமலே பைத்தான் மொழியில் எழுதுகிறோமே என்பார்கள். சிறு நிரலுக்கு அது போதும். ஆனால் பலர் சேர்ந்து எழுதும் பெரிய நிரல்களுக்காகப் பைத்தானே 2015இல், 3.5 பதிப்பில், வகைக் குறிப்புகளையும் அவற்றோடு மேல் எல்லையையும் ஏற்றுக்கொண்டது. கீழ் எல்லையிட்ட பெட்டியிலிருந்து எடுத்தால் வருவது இன்ன வகை என்று சொல்ல முடியாதே, அதனால் என்ன பயன் என்ற கேள்வி இன்னும் வலுவானது. எடுக்கவே தேவையில்லாத இடத்துக்குத்தான் அது. ஒரு பட்டியலிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுக்கும் ‘காபி’ என்ற செயல்முறை ஜாவா நூலகத்தில் உண்டு. அதில் கொடுக்கும் பட்டியலுக்கு மேல் எல்லை, பெறும் பட்டியலுக்குக் கீழ் எல்லை. இரண்டும் ஒரே வரியில் எழுதப்பட்டிருக்கின்றன.