மூன்றெழுத்துக் குறி

பழைய ஜெர்மானிய இருகண்நோக்கிகளைச் சேகரிப்போர், ஒன்றைக் கையில் எடுத்ததும் கண்ணருகே கொண்டு செல்வதில்லை; அதன்மீது பொறித்துள்ள எழுத்துகளையே முதலில் படிக்கின்றனர்.

1894இல் யேனா நகரின் கார்ல் சைஸ் நிறுவனம், எர்ன்ஸ்ட் அபேயின் வடிவமைப்பில், முப்பட்டகம் பொருத்திய இருகண்நோக்கிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தலைகீழாகத் தெரியும் உருவை நிமிர்த்துவதும், ஒளியின் பாதையை மடித்துக் கருவியைக் கையடக்கமாக்குவதும் அம்முப்பட்டகங்களே.

இரண்டாம் உலகப்போரின்போது படைக்கருவிகளில் ஆலையின் பெயர் மறைந்தது. உற்பத்தியிடத்தைப் பகைவர் அறியாதிருக்க, யேனாவின் சைஸுக்கு ‘பி.எல்.சி.’ என்றும் வெட்ஸ்லாரின் லைட்ஸுக்கு ‘பி.இ.எச்.’ என்றும் மூன்றெழுத்துக் குறிகள் வழங்கப்பட்டன. இதனை அறியாதவர், அரிய கருவியையும் பெயரற்ற பொருளென்று ஒதுக்கிவிடுவர். போருக்குப்பின் நாடு பிரிந்தபோது சைஸும் கிழக்கே யேனா, மேற்கே ஓபர்கோகன் என இரண்டாயிற்று.

புதுவண்ணம் பூசினால் இவ்வெழுத்துகள் மங்கும். வில்லைகளைத் துடைப்பதிலோ இன்னும் எச்சரிக்கை வேண்டும். 1935இல் சைஸில் சுமக்குலா உருவாக்கிய எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு, தொடக்கத்தில் மிக மென்மையானதாக இருந்தது. அழுத்தித் துடைத்தால் கீறல் விழும். பூஞ்சையை நீக்கவெனத் திறக்கும்போது முப்பட்டகம் சற்றே நகர்ந்தாலும் இரு கண்களின் காட்சிகளும் ஒன்றிணையா.