போலீஸ் கார்தான் மேடை!

போலீஸ் கார் மேல ஏறி நின்னு பேசுறதுக்கு முன்னாடி, பொறுப்பா ஷூவைக் கழட்டி வெச்ச ஒருத்தரைத் தெரியுமா பாஸ்?

பேரு மரியோ சாவியோ. வயசு 21. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஃபிலாசஃபி ஸ்டூடன்ட். பேசினா வாய் திக்கும். அவரை மைக் பிடிக்க வெச்சது எது?

1964 கோடையில் சாவியோவும் இன்னும் பல மாணவர்களும் மிசிசிப்பி மாநிலத்துக்குப் போனாங்க. அங்கே கறுப்பின மக்களை ஓட்டுப் போட விடாம விரட்டிக்கிட்டிருந்த காலம் அது. அவங்க பேரை வாக்காளர் பட்டியல்ல சேர்க்கிறதுதான் இவங்க வேலை. பெர்க்லி திரும்பினதும், கேம்பஸ் வாசலில் மேஜை போட்டு நோட்டீஸ் கொடுக்க, நன்கொடை திரட்ட நினைச்சா... செப்டம்பரில் நிர்வாகம் தடை போட்டிருச்சு!

தடையை மீறி மேஜை போட்ட அஞ்சு பேரை செப்டம்பர் 30 அன்னிக்கு டீன் கூப்பிட்டார். வந்து நின்னது பல நூறு பேர்! 'நாங்களும்தான் மேஜையில உக்காந்தோம். எங்க மேலயும் நடவடிக்கை எடுங்க'ன்னு 400 பேருக்கு மேல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாங்க. நிர்வாகம் எட்டு பேரை மட்டும் சஸ்பெண்ட் பண்ணுச்சு.

மறுநாள், மேஜையில் இருந்த முன்னாள் மாணவர் ஜாக் வைன்பெர்க்கைப் பிடிச்சு போலீஸ் காரில் ஏத்தினாங்க. அவ்வளவுதான்... காரைச் சுத்தி கூட்டம் அப்படியே தரையில் உக்காந்திருச்சு. கார் நகரலை. 32 மணி நேரம்! அந்த காரோட கூரைதான் மேடை. ஷூ கழட்டின கதை அங்கேதான் நடந்தது. கோபம் நிர்வாகத்து மேல. காருக்கு ஏன் அடிபடணும்?

உடனே ஜெயிச்சிடலை. டிசம்பரில் நிர்வாகக் கட்டடத்தில் உக்காந்து போராடி, ஏறக்குறைய 800 பேர் கைதானாங்க. அதுக்கப்புறம் பேராசிரியர்கள் கூடி ஓட்டுப் போட்டாங்க. மாணவர் பக்கம் 824, எதிராக 115. 1965 ஜனவரியில் மேஜைகள் மறுபடி வந்தன.

சாவியோவுக்கு என்ன ஆச்சு? 1967-ல் நாலு மாசம் ஜெயில். அவர் டிகிரி வாங்கினது 1984-ல், வேற பல்கலைக்கழகத்தில், பிசிக்ஸ்ல! அவர் இறந்த பிறகு, 1997-ல் பெர்க்லியின் அந்தக் கட்டடப் படிக்கட்டுக்கு அவர் பேரையே வெச்சாங்க.

இப்போ நம்ம கதை. மெஸ் சாப்பாடு சரியில்லைன்னு கிளாஸே சேர்ந்து லெட்டர் கொடுத்தா, முதல்ல வர்ற கேள்வி என்ன? 'யார் இதை ஆரம்பிச்சது?' அப்புறம் ஒவ்வொருத்தரா உள்ளே கூப்பிடுவாங்க. இன்டர்னல் மார்க், 'அப்பாவைக் கூட்டிட்டு வா', அபாலஜி லெட்டர்... அறுபது பேர் ஆறு பேராகிடுவோம். சாப்பாடு மட்டும் மாறாது!

பயம் தப்பில்லை ஃப்ரெண்ட்ஸ். வீட்டுல லோன் போட்டுப் படிக்க வெச்சிருக்காங்க. ஆனா, தனித்தனியா கூப்பிடுறப்போதான் பயம் பெருசாகுது. பெர்க்லி பசங்க செஞ்சது, பங்கு போட்டு அந்த பயத்தைச் சின்னதாக்கினதுதான்.

அடுத்த தடவை பொது லெட்டர் உங்க கைக்கு வரும்போது, முதல் கையெழுத்து யாரோடதுன்னு பாருங்க. அவரை உள்ளே கூப்பிட்டா கூடவே போவீங்களா? 'போவேன்'னா, பேனாவைத் திறங்க!