‘ஏன் அவள் வீட்டைவிட்டுப் போகவில்லை?’

1986 ஆகஸ்ட். கனடாவின் மானிட்டோபா மாகாணத்தில் 22 வயதுப் பெண் ஒருத்தி, தன்னோடு வாழ்ந்தவனைத் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றாள். குண்டு பாய்ந்தது பின்னந்தலையில், அவன் அறையைவிட்டு வெளியேறும்போது. முதுகைக் காட்டிப் போகிறவனைச் சுட்டதைத் தற்காப்பு என்று எப்படி வாதாடுவது?

வீட்டில் விருந்தாளிகள் இருந்தார்கள். அவர்கள் போகட்டும், உன்னைக் கவனித்துக்கொள்கிறேன் என்று அவன் மிரட்டியிருந்தான். அதற்கு முந்தைய ஆண்டுகளில் அவள் பலமுறை அடிபட்டு மருத்துவமனைக்குப் போயிருக்கிறாள். ஒருமுறை குதிரையிலிருந்து விழுந்துவிட்டதாகச் சொன்னாள். வைத்தியம் பார்த்த டாக்டர் அதை நம்பவில்லை.

விசாரணையில் அவள் கூண்டேறவில்லை. மனநல மருத்துவர் ஃப்ரெட் ஷேன் சாட்சி சொன்னார். அடி, பிறகு மன்னிப்பும் கொஞ்சலும், மறுபடி அடி என்று சுழலும் வாழ்க்கையில் அடுத்த அடி எப்போது, எவ்வளவு பலமாக விழும் என்பதை அடிபடுகிறவள் முன்கூட்டியே உணர்ந்துவிடுவாள் என்பதை விளக்கினார். ஜூரிகள் அவளை விடுவித்தனர். மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தானது. 1990-இல் கனடா உச்ச நீதிமன்றம் அதை மீட்டது. தீர்ப்பை எழுதியவர் அந்த நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி பெர்தா வில்சன். கத்தி ஓங்கப்படும்வரை ஒரு பெண் காத்திருக்க வேண்டும் என்பது தவணை முறையில் அவளைச் சாகடிப்பதற்குச் சமம் என்பதே அவர் கண்ட நியாயம். ‘ஏன் போகவில்லை?’ என்ற கேள்விக்குச் சாதாரண மனிதரிடம் இருக்கும் பதில்கள் பெரும்பாலும் தப்பானவை. அதனால்தான் நிபுணர் வேண்டும் என்றார்.

அடிபட்டவள் என்பதாலேயே விடுதலை கிடையாது என்றும் வில்சன் தெளிவாக எழுதினார். அவள் அஞ்சியதில் நியாயம் இருந்ததா என்பதே கேள்வி. இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். நிபுணர் சாட்சியம் அவளை மனநோயாளியாக்கிக் காப்பாற்றுவதற்கானது அல்ல. அவளுடைய புத்தி சரியாகவே வேலை செய்தது என்று காட்டுவதற்கானது. 1998-இல் அதே நீதிமன்றத்தில் வேறொரு வழக்கில் நீதிபதி லெரு-டுபே இன்னொரு ஆபத்தைச் சுட்டிக்காட்டினார்: பயந்து ஒடுங்கும் அபலை என்ற அச்சில் பொருந்தாத, திருப்பி அடிக்கத் துணிந்த பெண்ணுக்கு இந்தப் பாதுகாப்பு மறுக்கப்பட்டுவிடக் கூடாது.

இந்தியச் சட்டத்தில் ‘திடீர், கடும் ஆத்திரமூட்டல்’ இருந்தால் கொலைக் குற்றத்தின் தீவிரம் குறையும். அந்தத் ‘திடீர்’தான் சிக்கல், வருடக்கணக்கான வதை அதற்குள் அடங்காது. 1989-இல் சென்னை உயர் நீதிமன்றம் சுயம்புக்கனி என்ற பெண்ணின் வழக்கில், குழந்தைகளைக் கிணற்றில் வீசித் தானும் குதித்த நல்லதங்காள் கதையின் பெயராலேயே வதைபட்ட பெண்ணின் மனநிலையைக் குறிப்பிட்டு, நீடித்த ஆத்திரமூட்டலையும் கணக்கில் எடுத்தது. 2013-இல் கௌஹாத்தி உயர் நீதிமன்றம் கணவனைக் கொன்ற மனைவியின் வழக்கில் அந்தத் தீர்ப்பைப் பின்பற்றியது.

இந்த இரண்டுமே மேல்முறையீட்டில் கிடைத்த நிவாரணங்கள். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. நிபுணர் கருத்தைச் சாட்சியமாக ஏற்கச் சட்டத்தில் எப்போதும் இடமிருக்கிறது. வசதியில்லாத பெண்ணுக்காக வாதாடும் சட்ட உதவி வக்கீல் கீழ்க்கோர்ட்டிலேயே மனநல நிபுணரைச் சாட்சியாக அழைக்க வேண்டும், அதற்கான செலவை அரசு ஏற்க வேண்டும்.