கணிப்பொறித் திரையின் நிறச் சைகைகள்

இன்று நம் குடும்பங்களில் நிரல் எழுதக் கற்கும் பிள்ளை ஒன்றாவது இல்லாத வீடு அரிது. நாக்பூரானாலும் பிலாயானாலும் கரக்பூரானாலும், தகப்பனார் ரயில்வேயிலோ உருக்காலையிலோ வேலைக்கு வந்து தங்கிவிட்ட வீடுகளில் அடுத்த தலைமுறைக்குத் திறந்த கதவு பெரும்பாலும் இதுதான். அவர்கள் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கும் திரையில் எழுத்துகள் நீலம், பச்சை, ஆரஞ்சு என்று பல நிறங்களில் தெரிவதைக் கவனித்திருப்பீர்கள். கோலப்பொடியைக் கொட்டிவிட்டதுபோல் இருக்கிறதே என்று நினைத்துக் கடந்து போயிருப்பீர்கள். அது அலங்காரமன்று; சைகை. ரயில்வேயில் முப்பத்தைந்து ஆண்டுகள் சைகைகளோடு வாழ்ந்தவன் என்ற முறையில் அதைப் பற்றிச் சில விவரங்கள் எழுதுகிறேன்.

நிரல் எழுதப் பயன்படும் மென்பொருளுக்குக் கோட் எடிட்டர் என்று பெயர். இந்த வகையில் இன்று மிகப் பலர் பயன்படுத்துவது மைக்ரோசாஃப்ட் 2015-இல் வெளியிட்ட விஷுவல் ஸ்டுடியோ கோட், விலையில்லாமல் கிடைப்பது. நாம் தட்டச்சு செய்யச் செய்ய எடிட்டர் அந்த வரிகளைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, இது கட்டளைச் சொல், இது எண், இது மேற்கோளுக்குள் வரும் ஸ்ட்ரிங், இது மனிதர் படிப்பதற்காக எழுதிய கமெண்ட் என்று வகைப்படுத்திக்கொள்கிறது. எந்த வகைக்கு எந்த நிறம் என்று சொல்லும் பட்டியலே தீம். மேற்கோள் குறி ஒன்றை மூட மறந்தால், அதற்குப் பிறகு வரும் சொற்கள் எல்லாம் ஸ்ட்ரிங்கின் நிறத்துக்கு மாறிவிடும். பிழை எங்கே என்று தேடுவதற்கு முன்பே கண்ணுக்குத் தெரிந்துவிடும். நிறத்தின் உபயோகம் இதுதான்.

ஒன்று நினைவிருக்கட்டும். நிறங்கள் திரையில் மட்டுமே உள்ளவை. நிரல் கோப்பில் அவை சேர்வதில்லை. ஆகவே எத்தனை முறை தீம் மாற்றினாலும் எழுதிய வேலைக்கு எந்தப் பழுதும் வராது. பிள்ளைகள் தைரியமாக மாற்றிப் பார்க்கலாம்.

மாற்றும் முறை எளிது. கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டே முதலில் 'கே', பிறகு 'டி' தட்டினால் தீம்களின் பட்டியல் திறக்கும். மேல் அம்பு, கீழ் அம்பு விசைகளால் நகர்ந்தால் திரை உடனுக்குடன் நிறம் மாறிக் காட்டும். பிடித்திருந்தால் என்டர், இல்லையேல் எஸ்கேப். கூடவே வரும் தீம்களில் சோலரைஸ்டு என்ற ஒன்று உண்டு. அமெரிக்கரான ஈதன் ஷூனோவர் 2011-இல் வெளியிட்டது. பதினாறே நிறங்கள்; அவற்றின் வெளிச்ச அளவை முறையாகக் கணக்கிட்டு, வெளிர்ப் பின்னணிக்கும் கரும் பின்னணிக்கும் ஒரே நிறத் தொகுதி பொருந்தும்படி அமைத்திருக்கிறார். ஒரு பொறியாளன் பாராட்ட வேண்டிய வேலை. இதற்கு வெளியே வேண்டுமானால் கண்ட்ரோல், ஷிஃப்ட், 'எக்ஸ்' மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும் எக்ஸ்டென்ஷன்ஸ் பகுதியில் பெயரைத் தேடி இன்ஸ்டால் பொத்தானைத் தட்டினால் போதும். டிராகுலா என்ற கரும் தீமை இளைஞர்கள் பலர் விரும்புகிறார்கள். பெயர்தான் நமக்குச் சற்று உறுத்துகிறது.

இவ்வளவும் பிள்ளைகள் தாமே செய்துகொள்வார்கள். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு.

1875 நவம்பரில் சுவீடன் நாட்டில் லாகர்லுண்டா என்னுமிடத்தில் இரு ரயில்கள் மோதி ஒன்பது பேர் இறந்தார்கள். ஊழியர் ஒருவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறியும் பார்வை இல்லாதது காரணமாக இருக்கலாம் என்று உப்சாலா பல்கலைக்கழகத்தின் உடலியல் பேராசிரியர் ஃப்ரிதியோஃப் ஹோல்ம்கிரேன் வாதிட்டார். வண்ணக் கம்பளி நூற்கண்டுகளைக் கொடுத்து ஒத்த நிறங்களைப் பொறுக்கச் சொல்லும் சோதனையையும் வகுத்தார். அந்த விபத்துக்குக் காரணம் உண்மையில் அதுதானா என்று பின்னாளில் ஆய்வாளர்கள் ஐயப்பட்டதுண்டு. ஆனால் ரயில் ஊழியரின் நிறப் பார்வையைச் சோதிக்கும் வழக்கம் உலகெங்கும் நிலைத்துவிட்டது. ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா வெளியிட்ட, புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அட்டைகளைப் பலரும் பார்த்திருப்பீர்கள். நம் ரயில்வேயில் வண்டி ஓட்டுபவருக்கு உரிய ஏ-1 மருத்துவ வகுப்பில் இந்தச் சோதனையில் தவறினால் வேலை இல்லை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆயிரம் பயணிகளின் உயிர் பின்னால் இருக்கிறது.

எங்கள் குடியிருப்பில் ஒரு பையனுக்கு அப்படித்தான் நேர்ந்தது. தகப்பனார் வண்டி ஓட்டியவர். மகனும் அதே இருக்கையில் உட்கார வேண்டுமென்று ஆசைப்பட்டார். எழுத்துத் தேர்வில் தேறினான். மருத்துவச் சோதனையில் புள்ளி அட்டையில் எண் தெரியவில்லை. இருபத்திரண்டு வயதில்தான் அந்தக் குடும்பத்துக்கே விஷயம் தெரிந்தது. வீட்டில் சில நாட்கள் சாவு வீடு மாதிரி இருந்தது. பிறகு கணிப்பொறிப் பயிற்சியில் சேர்ந்தான். அங்கேயும் ஒரு தடங்கல். நிரலின் பழைய வடிவையும் புதிய வடிவையும் பக்கத்தில் பக்கமாக வைத்து ஒப்பிடும்போது, நீக்கிய வரிக்குச் சிவப்புப் பின்னணி, சேர்த்த வரிக்குப் பச்சைப் பின்னணி என்று எடிட்டர் காட்டும். "ரெண்டும் ஒரே சேறு மாதிரி இருக்கு மாமா. இந்த வேலையும் எனக்கு இல்லையா?" என்று கேட்டான்.

இல்லை என்பதற்கு இங்கே இடமே கிடையாது. ரயில் பாதையில் ஒருவனுக்காகச் சிக்னலின் நிறத்தை மாற்ற முடியாது. எடிட்டரில் முடியும், அவன் திரை அவனுடையது.

இந்தக் குறை அரிதானதன்று. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய எட்டுப் பேருக்கு உண்டு. நம் நாட்டில் சற்றுக் குறைவு. பெண்களுக்கு மிக அரிது. தாய்வழியாக மகனுக்கு வருவது. தாய்க்கு நிறங்கள் நன்றாகவே தெரியும், ஆகவே யாரும் சந்தேகப்படுவதில்லை. பிள்ளை பச்சை மரத்துக்குப் பழுப்பு அடித்து ஓவியம் வரைந்தால் திட்டாமல் ஒரு கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அந்தப் பையனுக்குச் செய்துகொடுத்ததைச் சொல்கிறேன். முதலில் எக்ஸ்டென்ஷன்ஸ் பகுதியில் கிட்ஹப் நிறுவனத்தின் தீம் தொகுதியை நிறுவினோம். அதில் கலர்பிளைண்ட் என்று பெயரிட்ட தீம்கள், வெளிர் ஒன்றும் கருமை ஒன்றுமாக, இதற்கென்றே உள்ளன. பலருக்கு இதுவே போதும். அவனுக்குப் பழைய கரும் தீமே பிடித்திருந்ததால் அதையே வைத்துக்கொண்டு சில நிறங்களை மட்டும் மாற்றினோம்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், 'பி' அழுத்தினால் கட்டளைப் பெட்டி வரும். அதில் யூசர் செட்டிங்ஸ் என்று தேடி, ஜேசன் என்ற சொல் சேர்ந்துள்ள வரியைத் தேர்ந்தெடுத்தால் அமைப்புக் கோப்பு திறக்கும். 'வொர்க்பெஞ்ச்' என்று ஆங்கிலத்தில் தட்டத் தொடங்கினாலே 'கலர் கஸ்டமைசேஷன்ஸ்' என்ற தலைப்பை எடிட்டர் தானே எடுத்துக் கொடுக்கும். அதன் கீழே 'டிஃப் எடிட்டர்' என்று தொடங்கும் பெயர்களில் சேர்த்தவைக்கு இரண்டு, நீக்கியவைக்கு இரண்டு உண்டு: ஒன்று வரி முழுவதன் பின்னணி, மற்றது மாறிய எழுத்துகளின் பின்னணி. நான்கையும் மாற்ற வேண்டும். இரண்டை மட்டும் மாற்றினால் பழைய பச்சையும் சிவப்பும் அடியில் கலந்துவிடும்.

நிறத்தை எண்ணால் எழுதுவார்கள். # குறி, பிறகு சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் இரண்டிரண்டு இடங்கள். பதினாறு அடிமான எண்கள் என்பதால் 9-க்கு மேல் ஆங்கிலத்தின் முதல் ஆறு எழுத்துகளும் வரும். கடைசியில் இன்னும் இரண்டு இடம் சேர்த்தால் எவ்வளவு ஊடுருவித் தெரிய வேண்டும் என்பதைக் குறிக்கும். 80 என்றால் ஏறக்குறைய பாதி. பின்னணி நிறத்துக்கு இது அவசியம், இல்லையேல் கீழேயுள்ள மற்றக் குறிகளை மறைத்துவிடும். சேர்த்தவைக்கு நீலம், #00339980. நீக்கியவைக்கு ஆரஞ்சு கலந்த பழுப்பு, #99660080. சிவப்பு-பச்சைக் குறை உள்ளவர்களுக்கும் நீலமும் ஆரஞ்சும் பொதுவாகத் தெளிவாகப் பிரிந்து தெரியும். இரண்டு பதிவுகளுக்கு நடுவே கால்புள்ளி விட்டுப்போனால் எடிட்டர் நெளிகோடு போட்டுக் காட்டும்.

எழுத்துகளின் நிறத்துக்கு வேறு தலைப்பு: 'எடிட்டர் டோக்கன் கலர் கஸ்டமைசேஷன்ஸ்'. இங்கே நிறத்தோடு எழுத்தின் வடிவையும் மாற்றலாம். பழைய கைகாட்டி மரத்தை நினைத்துப் பாருங்கள். பகலில் அதன் விளக்கை யார் பார்த்தார்கள்? கை கிடையாக இருந்தால் நில், சாய்ந்திருந்தால் போ. நிறம் மங்கினாலும் நிலை சொல்லிவிடும். அதேபோல் கட்டளைச் சொற்களைத் தடித்த எழுத்தாக வைத்துவிட்டோம். இப்போது அவன் நிறத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. ஒப்பீட்டுத் திரையில் வரி ஓரத்தில் வரும் கூட்டல், கழித்தல் குறிகளை முதலில் பார்க்கவும் பழகிக்கொண்டான்.

மாற்றியும் சில சொற்களின் நிறம் மாறாதிருந்தால் செமாண்டிக் என்ற இன்னோர் அடுக்கு மேலிருந்து நிறம் கொடுக்கிறது என்று பொருள். அதற்கும் தனித் தலைப்பு உண்டு.

தமிழில் கமெண்ட் எழுதும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பல தீம்கள் கமெண்ட்டைச் சாய்வெழுத்தில் காட்டும். ஆங்கிலத்துக்கு அது அழகு. நம் எழுத்துக்கோ கள் குடித்தவன் நடை. மேற்சொன்ன தலைப்பின் கீழ் கமெண்ட்ஸ் பகுதியில் 'ஃபான்ட் ஸ்டைல்' என்பதற்கு வெற்று மேற்கோள் குறி கொடுத்தால் நிமிர்ந்துவிடும். நிறத்தை மிகவும் மங்கலாக வைக்கவும் வேண்டாம். எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச விகிதம் குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்பது இணையப் பக்கங்களுக்கு வகுத்த தரம். எடிட்டருக்கும் அது நல்ல அளவுகோல். கரும் பின்னணியில் #999999 அதைத் தாராளமாகத் தாண்டும்.

வேலை முடிந்ததும் அந்த அமைப்புக் கோப்பை ஒரு பிரதி எடுத்து வையுங்கள், அல்லது எடிட்டரிலேயே உள்ள செட்டிங்ஸ் சிங்க் வசதியை இயக்கிவிடுங்கள். அந்தப் பையன் இப்போது புனேயில் வேலையில் இருக்கிறான். அலுவலகத்தில் புதுக் கணிப்பொறி கொடுத்த அன்று, கணக்கில் நுழைந்ததும் அவனுடைய நீலமும் ஆரஞ்சும் தானாக வந்து சேர்ந்தனவாம்.