தூண்டில்காரர்கள் போன பின் காவிரி மீனுக்குக் காவல் யார்?

நமது நாடாளுமன்றச் செய்தியாளர்

பெங்களூரு: காவிரி என்ற சொல் நாடாளுமன்றத்தில் ஒலிக்கும்போதெல்லாம் அதைத் தொடர்ந்து வருவது டி.எம்.சி. கணக்குதான். 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, பிலிகுண்டுலுவில் தமிழகத்துக்குக் கிடைக்க வேண்டியது 177.25 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீர்த் தேவைக்கென ஒதுக்கப்பட்டது 4.75 டி.எம்.சி. இந்த எண்களை இரு மாநில உறுப்பினர்களும் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். ஆனால் அந்த நீரில் வாழும் ஓர் உயிரினம் உலகிலிருந்தே மறையும் நிலையில் இருப்பதை அவையில் எவரும் எழுப்பியதாக நினைவில்லை.

கூன்முதுகு மஹசீர் என்று அழைக்கப்படும் மீன் அது. கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஐம்பது கிலோவுக்கும் அதிகமாக வளரக்கூடியது. காவிரியிலும் அதன் துணை ஆறுகளிலும் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதது. இதைக் காப்பாற்ற முயன்றவர்கள் உண்டு. சட்டமும் உண்டு. இரண்டும் சேர்ந்தும் அது ஏன் காப்பாற்றப்படவில்லை என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

பரிசலும் ராகி உருண்டையும்:

கோவாவிலும் அந்தமானிலும் சுற்றுலாப் பயணிகள் படகை வாடகைக்கு அமர்த்திக் கொண்டு கடலில் தூண்டில் போடச் செல்வதுண்டு. கடல் இல்லாத பெங்களூருக்கு அந்த வாய்ப்பைக் காவிரி அளித்தது. நகரிலிருந்து சுமார் 100 கி.மீ. தொலைவில் உள்ள பீமேஸ்வரி, அதை அடுத்த காலிபோரே, தொட்டமக்களி ஆகிய ஆற்றங்கரை முகாம்கள் உலகத் தூண்டில் பிரியர்களின் வரைபடத்தில் இடம்பெற்றிருந்தன. படகுக்குப் பதில் பரிசல். இரைக்கு ராகி மாவு உருண்டை. மழைக்கால வெள்ளம் வடிந்து நீர் தெளியும் ஆண்டுத் தொடக்கத்தில் ஆரம்பமாகும் பருவம், தென்மேற்குப் பருவமழை வரும்வரை நீடிக்கும்.

இந்த ஆர்வம் ஆங்கிலேயர் காலத்தது. சென்னை மாகாண அதிகாரியாக இருந்த எச்.எஸ். தாமஸ், இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றி 1873-இல் நூல் எழுதினார். மைசூரின் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் 1946-இல் கபினி ஆற்றில் பிடித்த 120 பவுண்டு மஹசீர் இன்றளவும் சாதனையாகப் பேசப்படுகிறது. சுதந்திரத்துக்குப் பின் இம்மீன் அழிந்தே போய்விட்டது என்று பலரும் கருதியிருந்த நிலையில், 1970-களின் பிற்பகுதியில் வந்த பிரிட்டிஷ் தூண்டில்காரர் குழு ஒன்று பெரிய மீன்களைப் பிடித்துக் காட்டியது. அதன் பிறகே வெளிநாட்டவர் வரத் தொடங்கினர்.

பெங்களூரில் 1972-இல் தொடங்கப்பட்ட தென்னிந்திய வன உயிரினச் சங்கம், காவிரியின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துப் பராமரித்தது. கர்நாடக அரசு நிறுவனமான 'ஜங்கிள் லாட்ஜஸ்' முகாம்களை நடத்தியது. இங்கு ஒரு விதி கட்டாயம்: பிடித்த மீனை எடை பார்த்து, படம் எடுத்து, உயிருடன் ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். வெடிவைத்தும் வலைவீசியும் திருட்டுத்தனமாக மீன்பிடித்து வந்த உள்ளூர்க்காரர்கள் சிலர், இங்கே வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் பணிக்குச் சேர்க்கப்பட்டனர். செத்த மீனுக்குச் சந்தையில் ஒருமுறைதான் விலை. உயிருள்ள மீனோ ஆண்டுதோறும் கூலி தரும். இந்த எளிய கணக்குதான் ஆற்றின் அந்தப் பகுதியைக் காத்து நின்றது.

சட்டம் சொன்னது என்ன?

காவிரி வன உயிரினச் சரணாலயம் 1987-இல் அறிவிக்கப்பட்டது. முகாம்கள் சரணாலய எல்லைக்குள் வந்தன. அப்போதும் தூண்டில் தடைபடவில்லை. திருப்பம், நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஒரு திருத்தத்தில் இருந்தது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 'விலங்கு' என்ற சொல்லுக்கான விளக்கத்தில், 2002-ஆம் ஆண்டுத் திருத்தம் மீனையும் வெளிப்படையாகச் சேர்த்தது. 2003 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது.

சரணாலயத்துக்குள் வன உயிரினத்தை அழிப்பதையும், பயன்படுத்துவதையும், அகற்றுவதையும் சட்டத்தின் 29-ஆவது பிரிவு தடை செய்கிறது. அந்த உயிரினத்தின் நலனுக்கு அவசியம் என்று அரசு கருதினாலொழிய அனுமதி தர இயலாது. மீனைத் தூண்டிலில் மாட்டி விடுவிப்பதும் இத்தகைய செயலே, அது வேட்டைக்கு ஒப்பானது என்ற விளக்கம் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வலுப்பெற்றது. அப்போதைய சட்டத்தின் பாதுகாப்பு அட்டவணைகள் எதிலும் மஹசீர் இல்லை. எனவே அதைப் பிடிப்பது சட்டப்படி 'வேட்டை' ஆகாது என்று வாதிட இடமிருந்தது. ஆனால் அந்த வாதம் எடுபடவில்லை. 2012-க்குப் பின் முகாம்களில் தூண்டில் ஓய்ந்தது.

சட்டத்தைப் பிழை சொல்வதற்கில்லை. சரணாலயத்துக்குள் ஒருவருக்கு விளையாட்டு, இன்னொருவருக்குச் சிறை என்று இரட்டை நியாயம் இருக்கக்கூடாது. பசிக்காக வலைவீசும் ஏழையைக் கைது செய்துவிட்டு, பணம் கட்டியவரைப் பரிசலில் ஏற்றி அனுப்புவது எவ்வகையில் நீதி என்ற கேள்வியில் உண்மை இருக்கிறது. ஆனால் தடைக்குப் பின் நடந்ததையும் பார்க்க வேண்டும். தூண்டில்காரர்கள் போனார்கள், அவர்கள் தந்த வருவாயில் வேலை செய்த காவலர்களும் போனார்கள். தடையை விதித்த அரசு, அந்த இடத்தை நிரப்ப ஆற்றுக்கென்று தனிக் காவலை ஏற்படுத்தவில்லை. வெடிவைத்து மீன்பிடிப்பவர்கள் மீண்டும் ஆற்றுக்குத் திரும்பியதாக ஆய்வாளர்கள் எழுதினர்.

நல்லெண்ணத்தில் நேர்ந்த பிழை:

தூண்டில்காரர்கள் விட்டுச் சென்றவற்றில் விலைமதிப்பற்றது அவர்களது பதிவேடு. காலிபோரே முகாமில் 1998 முதல் 2012 வரை பிடித்து விடப்பட்ட ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மஹசீர்களின் விவரம் அதில் இருந்தது. பிரிட்டனின் போர்ன்மவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இந்திய ஆய்வாளர்களும் அதை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட முடிவுகள் அதிர்ச்சி அளித்தன.

ஆற்றில் மஹசீர்களின் எண்ணிக்கை பெருகியிருந்தது. ஆனால் பெருகியது காவிரியின் மீன் அல்ல. அது நீலத் துடுப்பு கொண்ட வேறோர் இனம். கிருஷ்ணா நதிப் படுகைக்கு உரியது. காவிரிக்கே உரிய ஆரஞ்சுத் துடுப்பு கொண்ட கூன்முதுகு மீனோ குறைந்துகொண்டே வந்தது. பிடிபட்ட கூன்முதுகு மீன்களில் பெரியவையே மிகுதி, குஞ்சுகள் அரிது. முதியவர்கள் மட்டுமே எஞ்சியிருக்கும் ஊரைப் போல அந்த இனம் இருந்தது.

நீலத் துடுப்பு மீன் எப்படி வந்தது? மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் டாடா மின் நிறுவனம் நடத்திய பொரிப்பகத்தில் 1970-களிலிருந்து மஹசீர் குஞ்சுகள் உற்பத்தி செய்யப்பட்டு, பல மாநிலங்களுக்கு வழங்கப்பட்டன. மஹசீர் இனத்தைப் பெருக்கும் நல்லெண்ணத்துடன் காவிரியிலும் அவை விடப்பட்டன. சொந்த ஆற்றில் உள்ள மீன் வேறு இனம் என்பது அப்போது எவருக்கும் தெரியாது. வந்த இனம் இருந்த இனத்தை நெருக்கியது என்றே ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அணைகள், மணல் அள்ளுதல், மாசு, வெடிமீன்பிடி ஆகியவையும் சேர்ந்துகொண்டன.

கிடைத்தது பெயர்:

வியப்பு என்னவெனில், நூற்றைம்பது ஆண்டுகள் புகழ்பெற்றிருந்த அந்த மீனுக்கு முறையான அறிவியல் பெயரே உறுதிப்படாமல் இருந்தது. 2018 ஜூனில்தான் அது 'டோர் ரெமாதேவி' இனம் என்று நிறுவப்பட்டது. கேரளத்தின் பாம்பாற்றில் கிடைத்த சிறு மீன்களைக் கொண்டு 2007-இல் விவரிக்கப்பட்டிருந்த இனம் அது. பாம்பாறு, அமராவதி வழியாகக் காவிரியில் சேர்வது. இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் விஞ்ஞானி ரெமாதேவியைச் சிறப்பிக்கும் வகையில் சூட்டப்பட்ட பெயர் இது. பெயர் உறுதியான அதே ஆண்டில், சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இம்மீனை 'மிக அருகிய இனம்' என்ற அபாயப் பட்டியலில் சேர்த்தது. புலியும் யானையும்கூட அந்தப் பட்டியலுக்கு ஒரு படி கீழேதான் உள்ளன.

வன உயிரினச் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டது 2022-இல். ஆகஸ்ட் 2-இல் மக்களவையும் டிசம்பர் 8-இல் மாநிலங்களவையும் மசோதாவை நிறைவேற்றின. வளர்ப்பு யானைகளை இடம் மாற்றுவது பற்றிய பிரிவே விவாதத்தில் முன்னின்றது. ஆற்று மீன்களைப் பற்றியும், பிடித்து விடும் தூண்டிலுக்குச் சட்டத்தில் இடமுண்டா இல்லையா என்பது பற்றியும் தெளிவு காண அது நல்ல வாய்ப்பு. அந்த வாய்ப்பு நழுவியது.

மேக்கேதாட்டு நிழலில்:

இந்நிலையில்தான் மேக்கேதாட்டு அணைத் திட்டம் வருகிறது. 67.16 டி.எம்.சி. கொள்ளளவு, 400 மெகாவாட் மின் உற்பத்தி, பெங்களூருக்குக் குடிநீர் என்பது கர்நாடகத்தின் விளக்கம். விரிவான திட்ட அறிக்கை தயாரிக்க மத்திய நீர் ஆணையம் 2018 நவம்பரில் அனுமதித்தது. கீழ்ப்பகுதிக்கு இயல்பாக வந்து சேரும் நீரும் தடுக்கப்படும் என்பது தமிழகத்தின் வாதம். 2022 மார்ச்சில் தமிழகச் சட்டப்பேரவை எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. தமிழகத்தின் மனு இக்கட்டத்தில் முன்கூட்டியது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

கர்நாடகத்தின் அறிக்கையின்படியே, நீரில் மூழ்கும் வனப்பகுதி சுமார் 5,000 ஹெக்டேர். அதில் 3,000 ஹெக்டேருக்கும் அதிகமானது சரணாலய நிலம். பாறைகளுக்கிடையே சீறியோடும் நீரில் வாழ்ந்து, வெள்ளக் காலத்தில் மேல்நோக்கிச் சென்று இனப்பெருக்கம் செய்யும் மீனுக்குத் தேங்கிய நீர் வாழிடமாகாது. தூண்டில் முள் பட்டதை விதிமீறல் என்று கருதிய அதே சட்டத்தின் கீழ், ஆறே ஏரியாக மாறுவதற்கு அனுமதி கோரப்பட உள்ளது. இந்த முரண்பாட்டைத் தில்லி எவ்வாறு விளக்கப் போகிறது?

பெங்களூரின் பங்கு அணையோடு முடிவதில்லை. நகரின் கழிவுநீரைச் சுமந்துவரும் விருஷபாவதி, அர்க்காவதியில் கலக்கிறது. அர்க்காவதி, மேக்கேதாட்டுக்குச் சற்று மேலே சங்கமத்தில் காவிரியுடன் சேர்கிறது. காவிரியின் நீரைக் குடிக்கும் நகரம், அதே காவிரிக்குத் திருப்பி அனுப்புவது இதைத்தான்.

தமிழகத்தின் பொறுப்பு:

மீனை மேக்கேதாட்டுக்கு எதிரான வாதமாக மட்டும் தமிழகம் பயன்படுத்துமானால் அது அரைகுறை நியாயமாகவே இருக்கும். 2018 ஆய்வுக்கு இம்மீனின் உயிருள்ள மாதிரிகள் கிடைத்த இடம் நீலகிரி அடிவாரத்தில், முதுமலை, சத்தியமங்கலம் காடுகளை ஒட்டி ஓடும் மாயாறு. எஞ்சியிருக்கும் புகலிடங்களில் முக்கியமானது தமிழக எல்லைக்குள்ளேயே இருக்கிறது. 2014-இல் காவிரி வடக்குச் சரணாலயத்தையும், 2022-இல் காவிரி தெற்குச் சரணாலயத்தையும் தமிழக அரசு அறிவித்தது பாராட்டுக்குரியது. ஆனால் சரணாலய அறிவிப்பு மட்டும் மீனைக் காக்காது என்பதைத்தான் எல்லைக்கு அப்பால் உள்ள அனுபவம் காட்டுகிறது.

செய்ய வேண்டியவை அரிய செயல்கள் அல்ல. மாயாற்றிலும் காவிரியிலும் அயல் இனக் குஞ்சுகளை விடக்கூடாது. வனத்துறையின் கணக்கெடுப்பில் யானை, புலியுடன் ஆற்று மீனும் இடம்பெற வேண்டும். ஆற்றைப் பரம்பரையாக அறிந்த பரிசல் ஓட்டிகளையும் மீனவர்களையும் ஊதியம் கொடுத்துக் காவலுக்கும் கணக்கெடுப்புக்கும் அமர்த்த வேண்டும். சரணாலயத்துக்கு வெளியே கட்டுப்பாடுகளுடன் தூண்டில் அனுமதிக்கலாமா என்பதை இரு மாநிலங்களும் சேர்ந்து ஆராயலாம்; இமாசலப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் அரசு உரிமத்துடன் அது நடைபெறுகிறது.

இரு மாநிலங்களுக்கும் காவிரியில் பங்கு இருக்கிறது. அதை அளக்க ஆணையம் இருக்கிறது. கேட்க நீதிமன்றம் இருக்கிறது. குரல் கொடுக்க உறுப்பினர்கள் இருக்கிறார்கள். மாநில எல்லை அறியாமல் அதே நீரில் நீந்தும் மீனுக்காகப் பேச, இரு மாநில உறுப்பினர்களில் ஒருவராவது அடுத்த கூட்டத்தொடரில் எழுந்து நிற்பாரா?