அடித்தெழுதும் கலை

நாவலாசிரியர் ஒருவர் தம் எழுத்தைத் தாமே திருத்திக்கொள்ளும் கலையின் நுட்பங்களைக் கண்ணாரக் காண விரும்புவோருக்கு, பிரான்ஸ் தேசத்து ரூவான் நகர நூலகத்தில் பாதுகாக்கப்பட்டு வரும் ‘மதாம் போவாரி’ நாவலின் கையெழுத்துப் பிரதிகளைப் போல் உதவக்கூடியது வேறொன்று உண்டா என்பது சந்தேகமே. குஸ்தாவ் ஃப்ளோபேர் 1851 செப்டம்பரில் தொடங்கி 1856 வசந்த காலத்தில் எழுதி முடித்த அந்த ஒரே நாவலுக்காக எழுதிக் கழித்த வரைவுகள் மட்டும் ஆயிரக்கணக்கான பக்கங்கள் இருக்கின்றன.

முதலில் கதையின் போக்கைச் சுருக்கமான குறிப்பாக வரைந்துகொள்வார். பிறகு அகலமான ஓரம் விட்டு எழுதத் தொடங்கி, வரிகளுக்கிடையிலும் ஓரத்திலும் சேர்த்தும் அடித்தும் தாள் கறுத்து இடமில்லாமற் போன பின்னர், அதையே புதிய தாளில் மறுபடி எழுதுவார். இவ்வாறு மறுபடி எழுதுவது வெறும் பிரதி செய்யும் வேலையன்று; கையால் மீண்டும் எழுதும்போது தேவையற்ற சொல் தானாகவே பாரமாகத் தோன்றும் என்பதை அனுபவித்தவர் அறிவர். விவசாயக் கண்காட்சி நடைபெறும் அத்தியாயத்தில், அதிகாரியின் பிரசங்கமும், கால்நடைகளின் கதறலும், ரொடோல்ஃப் என்பவன் நாவலின் நாயகி எம்மாவிடம் பேசும் காதல் வார்த்தைகளும் ஒன்றையொன்று ஊடறுத்துச் செல்ல வேண்டும் என்று கருதிய அவர், அந்த ஓர் அத்தியாயத்திற்காகவே 1853ஆம் ஆண்டின் கோடையிலிருந்து ஆண்டிறுதி வரையில் உழைத்தார். அவசரம் நிறைந்த நம் காலத்தில் அத்தனை அவகாசம் எல்லோருக்கும் வாய்க்காது என்பது உண்மையே; ஆயினும் அவர் கையாண்ட ஒரு பரீட்சை எவருக்கும் கைகூடும்.

ஸென் நதிக்கரையில் குரோவாஸே கிராமத்திலிருந்த தம் வீட்டில், எழுதிய வாக்கியங்களைத் தொண்டை கிழியும் அளவுக்கு உரத்த குரலில் அவர் படித்துப் பார்ப்பார். கண் மன்னித்துவிடும் குற்றத்தைக் காது மன்னிப்பதில்லை. அடுத்தடுத்து வந்துவிட்ட ஒரே சொல்லும், மூச்சு முட்ட நீளும் வாக்கியமும், எவரும் வாயால் பேசமாட்டாத சம்பாஷணையும் அப்போது வெளிப்பட்டுவிடும். தமிழில் எழுதுகிறவருக்கு இந்தப் பரீட்சை இன்னும் அவசியம். வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வந்து நிற்கும் நம் மொழியில் ‘வந்தான், நின்றான், பார்த்தான்’ என்று ஒரே ஓசை தொடர்ந்து ஒலிப்பது படிப்பவரைச் சோர்வுறச் செய்கிறது. அத்தகைய இடங்களில் இரண்டு வாக்கியங்களை எச்சத்தால் இணைத்தோ, ஒன்றைப் பெயர்ச்சொல்லில் முடித்தோ அந்த ஓசையை மாற்றிவிடலாம்.

மிகக் கடினமான வேலை நன்றாக அமைந்ததையே நீக்குவதுதான். ‘ரெவ்யூ தெ பாரி’ பத்திரிகையில் பிரசுரத்திற்காக மாக்ஸிம் து காம் என்ற நண்பரிடம் பிரதியை அனுப்புவதற்கு முன், முற்றிலும் முடிந்துவிட்டதாகக் கருதப்பட்ட அந்த நாவலிலிருந்து ஏறக்குறைய 30 பக்கங்களை ஃப்ளோபேர் தாமே எடுத்தெறிந்தார். வர்ணனை அழகாக இருக்கிறதா என்பதன்று, அது இல்லாமற்போனால் கதைக்குக் குறைவு நேருமா என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

எழுதுகிற அன்பர்கள் தங்கள் அடுத்த கதையை முடித்தவுடன் பத்திரிகைக்கு அனுப்பிவிடாமல், சில நாள் பெட்டியில் வைத்திருந்து, பிறகு கதவைச் சாத்திக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உரக்கப் படித்து, நாக்கு இடறும் இடந்தோறும் பென்சிலால் ஒரு கோடு போட்டுப் பார்க்க வேண்டுகிறேன்.