சிம்புக்குள் இருக்கும் அளவு

எதிர்வீட்டுத் தம்பி வந்து உட்கார்ந்ததும் கேட்டது இதுதான்: "அண்ணாச்சி, நட்சத்திரத்தக் கடையில வாங்கிரட்டா? சின்னவ வீட்டுலயே செய்யணும்னு ஒத்தக்கால்ல நிக்கா. எனக்கு ஒரு குச்சி நேராக் கட்ட வராது."

டிசம்பர் முதல் வாரம். நாகர்கோவிலில் இந்தச் சமயத்தில் எந்த வாசலில் நட்சத்திரம் தொங்குகிறது என்பதை வைத்து அந்த வீட்டார் கோவிலுக்குப் போகிறவர்களா, சர்ச்சுக்குப் போகிறவர்களா என்று சொல்லிவிட முடியாது. பிள்ளைகள் இருக்கும் வீடு என்று வேண்டுமானால் சொல்லலாம். கட்டன் சாயா இரண்டு போட்டு வந்து வைத்தேன். இது ஒரு சாயாவில் முடிகிற பேச்சு இல்லை என்பதால் பாத்திரத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தேன்.

கடையில் கிடைப்பது மோசம் என்று நான் சொல்லவில்லை. விரித்தால் நட்சத்திரம், மடித்தால் தட்டை. ஓட்டை ஓட்டையாய்ப் பூவேலை செய்து பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் அதில் பிள்ளைக்கு வேலை கிடையாது. மூங்கிலில் கட்டும் பழைய நட்சத்திரத்தில் முக்கால்வாசி வேலை பிள்ளையின் கைக்கு அடங்கியது. பெரியவர்களுக்கு உரியவை மூன்றே: கத்தி பிடிப்பது, வயர் இழுப்பது, ஏணியில் ஏறுவது. மற்றதில் கை வைக்காமல் இருப்பதுதான் நமக்குச் சிரமம்.

"சரி, எத்தன குச்சி வேணும்?" என்றார்.

60 சென்டிமீட்டரில் பத்து. 12 சென்டிமீட்டரில் ஐந்து. ஏணி, கூடை விற்கும் கடையில் ஒரு மூங்கில் பிளாச்சு வாங்கினால் போதும். பென்சிலில் பாதிக் கனத்துக்குச் சிம்பாகச் சீவி, ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்துக் கொடுத்துவிட வேண்டும். சிராய் ஏறினால் அன்றைக்கு வேலை அதோடு நின்றுபோகும். எல்லாச் சிம்பும் ஒரே கனமாக இருக்கிறதா என்று வளைத்துப் பார்த்துக்கொள்வதும் நல்லது. ஒன்று தடியாகவும் ஒன்று மெலிசாகவும் இருந்தால், மெலிசு வளைந்துகொடுக்கும், தடி முறைக்கும், நட்சத்திரம் ஒரு பக்கம் வாயைக் கோணும்.

இப்போது ஐந்து சிம்பை எடுத்துக்கொள்வோம். பிள்ளைகள் தாளில் கையெடுக்காமல் நட்சத்திரம் போடுவார்களே, கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே, அப்படியே குறுக்கே என்று ஐந்து கோடு. அந்தக் கோடுகள்தான் இந்தச் சிம்புகள். கை போன அதே வழியில் ஒன்றின் நுனியை அடுத்ததன் நுனியோடு சேர்த்துக்கொண்டே போனால் ஐந்தாவது சிம்பு முதல் சிம்பிடம் வந்து சேரும். இதைப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை, அவளுக்கு ஏற்கெனவே தெரியும். சொல்லித்தர வேண்டியது ஒன்றுதான். ஒரு சிம்பு நடுவில் இரண்டு சிம்புகளைத் தாண்டிப் போகிறது. முதலாவதன் மேலே ஏறினால் இரண்டாவதன் கீழே நுழைய வேண்டும். கூடை முடைகிற கணக்குத்தான். ஐந்தும் இப்படி மாறி மாறிப் போனால், நடுவில் ஒரு முடிச்சும் போடாமலே ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டினால் தூக்கியவுடன் தொளதொளவென்று மடங்கும். கட்டியவர் பதறிப்போய் இன்னும் நாலு முடிச்சுப் போடுவார். எங்கே மேலே, எங்கே கீழே என்பதைப் பார்க்க மாட்டார்.

நுனிகளை முதலில் நூலால் கட்ட வேண்டாம். பழைய சைக்கிள் டியூபை வளையம் வளையமாக வெட்டிக்கொண்டால் போதும். ரப்பர் என்றால் நழுவிக்கொடுக்கும், பிள்ளை தள்ளித் தள்ளிச் சரிசெய்யலாம். எல்லாம் சரியான பிறகு நூல்.

"சரின்னு எப்படித் தெரியும்? அதுதானே எனக்கு வராது."

நான் இவ்வளவு நேரம் காத்திருந்தது இந்தக் கேள்விக்குத்தான். கோணமானி வேண்டாம். நுனி ஒவ்வொன்றும் 36 டிகிரி என்று பாடப்புத்தகம் சொல்லும், உண்மைதான், ஆனால் சிம்பின் நுனியில் கோணமானி வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அவஸ்தை தெரியும். வேண்டிய அளவு சிம்புக்குள்ளேயே இருக்கிறது. 60 சென்டிமீட்டர் சிம்பில் ஒரு நுனியிலிருந்து 23இல் ஒரு பென்சில் கோடு. மறு நுனியிலிருந்து 23இல் இன்னொன்று. நடுவில் மிஞ்சுவது 14. பத்துச் சிம்புக்கும் இப்படியே. சிம்புகள் ஒன்றையொன்று வெட்டும் இடமெல்லாம் இந்தக் கோடுகளின்மேல் விழுந்தால் நட்சத்திரம் சரி. விழவில்லையென்றால், எந்த நுனி தள்ளியிருக்கிறது என்பதைக் கோடே காட்டிக்கொடுக்கும்.

இதோடு விட்டுவிடலாம். ஆனால் பிள்ளை கையில் ஸ்கேல் இருந்தால் விடாது. பக்கத்துப் பக்கத்து நுனிகளுக்கு நடுவே எவ்வளவு என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள். 37 வரும். 37 எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். சிம்பையே கொஞ்ச நேரம் வெறித்துப் பார்த்துவிட்டுச் சொல்லும்: 23ம் 14ம் 37. இன்னும் ஒரு படி. 14ம் 23ம் 37, 23ம் 37ம் 60. சின்னதும் நடுவிலுள்ளதும் சேர்ந்தால் பெரியது, அந்தப் பெரியதையும் பழைய நடுவையும் சேர்த்தால் அதற்கும் பெரியது. 37ஐ 23ஆல் வகுத்தாலும், 60ஐ 37ஆல் வகுத்தாலும் ஏறக்குறைய 1.62 வரும். கணக்கு வாத்தியார்கள் இதைப் பொன் விகிதம் என்பார்கள். ஐந்து முனை நட்சத்திரத்தை எந்த அளவில் செய்தாலும் இந்த விகிதம் மாறாது. 30 சென்டிமீட்டர் சிம்பு என்றால் எல்லாவற்றையும் பாதியாக்கிக்கொள்ள வேண்டியதுதான். பெயரைச் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். ஏழு வயதுக்குக் கூட்டல் போதும்.

நட்சத்திரம் கட்டுவதைக் கணக்குப் பாடமாக்குவது என் கைச்சரக்கு இல்லை. ஜெர்மனியில் நீஸ்கி என்ற ஊரில் மொராவியன் சபையார் ஒரு விடுதிப் பள்ளி நடத்தினார்கள். அங்கே 1830களில் வடிவியல் பாடத்துக்காகவே பையன்களைத் தாளில் நட்சத்திரம் செய்ய வைத்திருக்கிறார்கள். அது நம்முடையதைப்போலத் தட்டையானது அல்ல, எல்லாப் பக்கமும் கூம்பு நீட்டிக்கொண்டிருக்கும் பந்து. அங்கே படித்தவர்களில் பலர் தூரதேசத்தில் ஊழியம் செய்தவர்களின் பிள்ளைகள். விடுமுறைக்கு வீட்டுக்குப் போக முடியாதவர்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் அது விற்பனைக்கே வந்துவிட்டது. இன்றும் அந்த ஊர்ப் பெயரில்தான் வாங்குகிறார்கள். நம் மூங்கில் நட்சத்திரத்துக்கு நெருங்கிய சொந்தம் பிலிப்பைன்ஸில் இருக்கிறது. பரோல் என்பார்கள். ஐந்து முனை, மூங்கில் சட்டம், மெல்லிய தாள், எல்லாம் அச்சு அசல். இலங்கையில் வெசாக் கூடு கட்டுகிறவர்களுக்கும் இதே சிம்பு, இதே பசைதான். மாதம் மே, வடிவம் வேறு. பைபிளில் நட்சத்திரம் வருகிறதே தவிர, அதற்கு எத்தனை முனை என்று ஒரு வார்த்தை இல்லை. ஐந்து என்று வைத்தது கட்டினவர்களின் கை.

சாயா ஆறிவிட்டது. சூடாக்கி வந்தேன்.

ஒரு நட்சத்திரம் முடிந்தால் அதேபோல இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து நுனியையும் சேர்த்து நூலால் இறுக்க வேண்டும். இதுவரை தட்டைதான். இப்போது அந்த 12 சென்டிமீட்டர் குச்சிகள். சிம்புகள் வெட்டும் ஐந்து இடத்திலும், முன் நட்சத்திரத்துக்கும் பின் நட்சத்திரத்துக்கும் நடுவே ஒவ்வொன்றாக முட்டுக்கொடுத்து நிறுத்திக் கட்டினால் வயிறு உப்பிக்கொண்டு வரும். பிள்ளைகள் கைதட்டுகிற இடம் இது. மூன்று முட்டு வைக்கும்வரை அசமந்தமாகக் கிடப்பது ஐந்தாவதில் விறைத்து நிற்கும். சிம்பு திமிறுகிறது, முட்டு தடுக்கிறது, இரண்டும் விட்டுக்கொடுக்காததால் சட்டம் அசையாது. முட்டையும் 14 ஆக வெட்டினால் தாள் வெட்டும்போது எல்லா முக்கோணமும் ஒரே அளவாகிவிடும் என்று ஒரு வருடம் ஆசைப்பட்டேன். காய்ந்த சிம்பு டப்பென்று ஒடிந்தது. 12 போதும்.

தாள் மொத்தம் 21. முனைகளின் முன்னும் பின்னும் பத்து முக்கோணம், இடுக்கில் பக்கவாட்டில் பத்து, நடுவில் முன்பக்கம் ஒரு ஐங்கோணம். பின்பக்க ஐங்கோணத்தை ஒட்டக் கூடாது. அது சுவரைப் பார்த்து இருக்கும், பல்பை உள்ளே விடவும் சூடு வெளியேறவும் அதுதான் வாசல். பழைய நாளிதழைச் சட்டத்தின்மேல் வைத்துத் தடவினால் முக்கோணத்தின் அச்சு பதியும். சுற்றிலும் ஒரு விரற்கடை கூட விட்டு வெட்டி, அந்த ஓரத்தைச் சிம்பைச் சுற்றி மடித்து ஒட்ட வேண்டும். பட்டம் விடுகிற தாள் நல்லது. கண்ணாடித்தாள் மினுக்கும், ஆனால் மைதாப் பசையில் ஒட்டாமல் பிள்ளையை அழவைக்கும்.

பசையை வீட்டிலேயே காய்ச்சலாம். இரண்டு ஸ்பூன் மைதாவைப் பச்சைத்தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் சேர்த்துச் சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருந்தால், சுமார் 60 டிகிரி சூட்டில் மாவிலுள்ள மாச்சத்து உப்பி உடைந்து கூழாகும். வெள்ளை போய்க் கண்ணாடிபோல் ஆனதும் இறக்கலாம். பச்சை மாவைக் கரைத்து அப்படியே தடவினால் காய்ந்ததும் பொடியாய் உதிரும். பூச்சி வராமலிருக்க அந்தக் காலத்தில் பைண்டிங் செய்கிறவர்கள் இதில் மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம். விரலை நக்குகிற வயதுள்ள வீட்டில் அந்தப் பேச்சே வேண்டாம். கரப்பான் தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும். பண்டிகை முடிந்ததும் தாளைக் கிழித்துவிட்டுச் சட்டத்தை மட்டும் பரணில் போடுகிறோம். அடுத்த வருடத்துக்குப் புதுத் தாள்.

"அவ ஒட்டுனா சுருக்கம் சுருக்கமா வருமே அண்ணாச்சி."

வரட்டும். பசை நன்றாகக் காய்ந்த பிறகு உள்ளங்கையில் தண்ணீர் எடுத்து விரலால் லேசாகத் தெளித்துவிடுங்கள். தாள் முதலில் இன்னும் தொய்யும், பயப்பட வேண்டாம். தாளின் நார் ஈரத்தில் விரிகிறது. காயும்போது சுருங்கும். எல்லா ஓரமும் சிம்பில் மாட்டிக்கொண்டிருப்பதால் சுருங்க இடமில்லாமல் தம்பூர்போல இறுகும். இதை ராத்திரி செய்து வைத்துவிட்டால், காலையில் பிள்ளை வந்து விரலால் சுண்டிப் பார்த்துச் சத்தம் கேட்கும். பசை ஈரமாக இருக்கும்போதே தெளித்தால் எல்லாம் பிய்த்துக்கொண்டு வரும். இந்த ஒரு இடத்தில் மட்டும் பிள்ளையைக் கொஞ்சம் பிடித்து நிறுத்த வேண்டும்.

"தம்பிக்காரன் ஒருத்தன் இருக்கானே, நாலு வயசு. அவன் சும்மா இருப்பானா?"

அவனுக்கு ஐந்து ஈர்க்கு போதும். விளக்குமாற்றிலிருந்து உருவி, கழுவி, சாண் அளவுக்கு ஒடித்துக் கொடுத்தால் நுனியை நூலால் சுற்றிக்கொண்டிருப்பான். அதுவும் அலுத்தால் சிரட்டையில் மண் போட்டுக் கேழ்வரகு விதைக்கச் சொல்லலாம். 14ஆம் தேதி விதைத்தால் கிறிஸ்துமஸுக்குப் பச்சைப்பசேலென்று நிற்கும், குடில் வைக்கிற வீட்டுக்குக் கொடுத்துவிடலாம். தினமும் பத்துத் தடவை தண்ணீர் ஊற்றி அழுகவைத்துவிடுவான் என்பதால் இன்னொரு சிரட்டையில் அவனுக்குத் தெரியாமல் நீங்களும் விதைத்துவையுங்கள்.

விளக்கு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. நான் சின்னப் பையனாக இருந்தபோது 40 வாட் குண்டு பல்பு போடுவோம். அது இழுக்கும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குகூட வெளிச்சமாகாது, மிச்சமெல்லாம் சூடு. தாளுக்குள் அதை வைத்துவிட்டு நாங்கள் தூங்கியிருக்கிறோம் என்பதை நினைத்தால் இப்போது வயிற்றைக் கலக்குகிறது. 3 வாட் எல்.இ.டி. தாராளம். அதுவும் தாளைத் தொடாமல் நடுவில் நிற்க வேண்டும். பாரம் கயிற்றில் இருக்கட்டும், வயரில் தொங்கவிடக் கூடாது. டிசம்பர் மழை சொல்லிவிட்டு வராது என்பதால் இறவாரத்துக்கு உள்ளே. பிளக் மாட்டுவதும் பிடுங்குவதும் பெரியவர்கள் கை.

பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் கூப்பிட்டார்கள். சிவப்பும் மஞ்சளும். ஒரு முனை லேசாகக் கீழே பார்த்தது, அதைத் தெருவில் நின்று பார்க்கிற யாரும் கவனிக்கமாட்டார்கள். வாசலுக்கு மேலே சாணளவு ஈர்க்கு நட்சத்திரம் ஒன்றும் நூலில் சுற்றிக்கொண்டிருந்தது. சுவிட்சைப் போட்டதும் சின்னவள் முகம் மாறியது. இடது முனையில், தாளுக்குப் பின்னால், பசைக் கையோடு அழுத்திய ஐந்து விரலும் கறுப்பாகத் தெரிந்தது. பகலில் இல்லாதது. வெளிச்சம் வந்ததும் வந்துவிட்டது.

"அதுக்குமேல இன்னொரு தாள் ஒட்டிரட்டா தாத்தா?" என்றாள்.

"ஒட்டுனா அந்த எடம் இன்னும் கறுக்கும் மக்களே" என்றேன்.

கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் கையை விரித்து, நட்சத்திரத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, விரல் விரலாகப் பொருத்திப் பார்க்கத் தொடங்கினாள்.